செம்புக் கம்பிக்குள் தமிழ்

வீட்டுத் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தவை இரண்டே இரண்டு செம்புக் கம்பிகள். திருச்சியில் கைலாசபுரத்து பெல் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸானாலும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியானாலும் கணக்கு ஒன்றுதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் அந்த ஜோடிக் கம்பி வழியே 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மட்டுமே ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆள் பேசுவது புரிய இவ்வளவு போதும் என்று தொலைபேசிப் பொறியாளர்கள் வகுத்த எல்லை அது. நாதஸ்வரத்தை அதில் கேட்டால் பாதி நாதம் காணாமல் போயிருக்கும். பேச்சுக்கென்று அளந்து வைத்த இந்தப் பாதையில் கணினிகளைப் பேச வைத்துவிட வேண்டும் என்று 1970களின் இறுதியில் சிலர் முனைந்தார்கள். அவர்களில் பலர் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் அல்லர். பகல் வேலை முடித்து வீடு திரும்பி, இரவில் நிரல் எழுதியவர்கள்.

அவர்கள் எதிரே இருந்தது எப்பேர்ப்பட்ட தடை என்பதை, பிற்பாடு நம் ஊரில் இருந்த நிலையை வைத்துப் போடும் ஒரு சின்னக் கணக்கே காட்டிவிடும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முதலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில் மட்டும். திருவெறும்பூர்ப் பக்கத்தில், கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் வைத்திருந்தவர் சென்னை எண்ணுக்கு எஸ்.டி.டி. போட்டாக வேண்டும். அப்போது கைக்கு எட்டிய மோடங்களில் விநாடிக்கு 2400 பிட் வேகமே பலருக்கு வாய்த்தது. ஓர் எழுத்துக்கு 8 பிட், முன்னும் பின்னும் எல்லை காட்ட இரண்டு, ஆக 10. விநாடிக்கு 240 எழுத்து. ஒரு 1.44 எம்.பி. பிளாப்பியில் இருப்பதை அனுப்ப 102 நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் மீட்டர் ஓடும். எஸ்.டி.டி. கட்டணம் இரவில் குறையும் என்பதற்காக பி.சி.ஓ. பூத்துகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை கட்டியது அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும். மோடம்காரர்களும் இரவுப் பறவைகளாகத்தான் இருந்தார்கள். கைலாசபுரத்திலிருந்து துவாக்குடி ஆர்.இ.சி. விடுதிக்கு ஒரு பிளாப்பியைக் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் சைக்கிளே வேகமான நெட்வொர்க்.

இரண்டு கேள்விகள் எழுந்தன. அந்த 102 நிமிடத்தை 40 ஆகக் குறைக்க முடியுமா என்பது ஒன்று. இரைச்சலும் கரகரப்பும் நிறைந்த கம்பியில் ஓர் எழுத்துகூடக் கெடாமல் கொண்டு சேர்க்க முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடையாக வந்தவை சுருக்க மென்பொருள்கள். இரண்டாவதற்கு விடையாக வந்தவை தொடர்பு மென்பொருள்கள். இரண்டும் ஒரே மேசையில், பெரும்பாலும் ஒரே நண்பர் கூட்டத்தில் பிறந்தவை. ஆனால் இரண்டும் செய்யும் வேலை நேர் எதிரானது. ஒன்று செய்தியில் திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் தேடித் தேடிக் களையும். மற்றொன்று களைந்த செய்தியோடு வேண்டுமென்றே புதிதாகக் கொஞ்சம் மிகையைச் சேர்க்கும். இந்த முரணில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். கம்பியில் போவது பூஜ்யமும் ஒன்றும் அல்ல, இரண்டு சுருதிகள். 300 பிட் வேக அமெரிக்க மோடங்களில் அழைக்கும் பக்கம் 0 என்று சொல்ல 1070 ஹெர்ட்ஸும் 1 என்று சொல்ல 1270 ஹெர்ட்ஸும் ஒலித்தது. பதில் தரும் பக்கம் 2025, 2225. சுருதிகள் வேறு வேறாக இருப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட மாட்டார். இதே உத்தியைக் கம்பி இல்லாமலும் பார்த்தவர்கள் நம் ஊரில் உண்டு. 1984-85ல் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகள் சாதாரண டேப் ரெக்கார்டர் கேசட்டில் நிரலைச் சேமிக்கும். 1200 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று என்றால் 0. 2400 ஹெர்ட்ஸில் இரண்டு சுற்று என்றால் 1. கேசட்டைப் பாட்டுக் கேட்கும் டேப்பில் போட்டால் காது கூசும் கீச்சொலி வரும். அந்தக் கணினியின் நினைவகம் மொத்தமே 32 கே.பி. அதை முழுக்கச் சேமிக்க ஏறத்தாழ நாலரை நிமிட டேப் வேண்டும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

சுருதி சரி. ஆனால் கம்பியில் ஒரு ‘கிளிக்’ விழுந்தால்? மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பழைய கேபிளின் கரகரப்பைக் கேட்டவர்களுக்கு இந்தக் கவலை புரியும். பேசும்போது கரகரத்தால் காது சமாளித்துக்கொள்ளும். நிரலில் ஒரு பிட் மாறினாலும் அது ஓடாது. இதற்கு எளிமையும் அழகும் கூடிய விடையை 1977ல் எழுதியவர் சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். தன் வீட்டுக் கணினிக்காக எழுதியதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். பிற்பாடு எக்ஸ்மோடம் என்று பெயர் பெற்றது அது. அடுத்த ஆண்டு, 1978 பிப்ரவரி 16 அன்று, ராண்டி சூஸுடன் சேர்ந்து அவர் திறந்ததுதான் உலகின் முதல் பொதுக் கணினி அறிவிப்புப் பலகை. அதற்கு முந்தைய மாதப் பனிப்புயலில் வீட்டை விட்டு வெளியே போக முடியாதபோது தொடங்கிய வேலை அது.

எக்ஸ்மோடம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஃபைலை அது 128 எழுத்துகள் கொண்ட துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மூன்று எழுத்து வைக்கும்: ‘இதோ துண்டு தொடங்குகிறது’ என்பதற்கு 1 என்ற எண், பிறகு துண்டின் வரிசை எண், பிறகு அந்த வரிசை எண்ணை 255லிருந்து கழித்த எண். ஐந்தாவது துண்டு என்றால் 5, 250. இரண்டையும் கூட்டினால் 255 வர வேண்டும். வராவிட்டால் எண்ணே வழியில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். துண்டின் கடைசியில் இன்னும் ஓர் எழுத்து. 128 எழுத்துகளின் மதிப்பையும் கூட்டி, 256ஆல் வகுத்து வரும் மீதி அது. வாங்கும் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். ஒத்துப்போனால் 6 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும்: ‘கிடைத்தது, அடுத்ததை அனுப்பு.’ ஒத்துப்போகாவிட்டால் 21: ‘சரியில்லை, திரும்ப அனுப்பு.’ அவ்வளவுதான். முழுத் துண்டு 132 எழுத்து. அதில் 4 மட்டுமே காவலுக்கு.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் கூட்டல் மாறாது, பிழை தப்பிவிடும். அதனால் பின்னாளில் கூட்டலுக்குப் பதில் வகுத்தல் அடிப்படையிலான வலுவான சோதனை வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதிலும் நேரம் போனது. 1986ல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம், பதிலுக்காக நிற்காமல் துண்டுகளைத் தொடர்ந்து அனுப்பியது. எது கெட்டதோ அங்கிருந்து மட்டும் திரும்பத் தொடங்கியது. நடுவில் இணைப்பு அறுந்து போனால்கூட மறுபடி டயல் செய்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஸ்.டி.டி. கட்டணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை இன்றைய வேகத்தில் பழகியவர்கள் உணர்வது கடினம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981ல் பிறந்த கெர்மிட் இன்னொரு வகை. வேகம் குறைவு. ஆனால் எழுத்துகளில் பாதியை விழுங்கிவிடும் பழைய பெரிய கணினிகளோடும் பொறுமையாகப் பேசக்கூடியது. பொம்மலாட்டத் தவளை ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இனி சுருக்கும் கலை. தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளுக்கு இது புதிதே அல்ல. இந்தியத் தந்தித் துறை வாழ்த்துத் தந்திகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. தீபாவளி வாழ்த்து, புத்தாண்டு வாழ்த்து, மணமக்களுக்கு வாழ்த்து, குழந்தை பிறந்ததற்கு வாழ்த்து என்று ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண். அனுப்புபவர் படிவத்தில் எண்ணைக் குறிப்பார். கம்பியில் போவது எண் மட்டும். சேரும் ஊர்த் தந்தி அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் எழுதிக் கொடுப்பார்கள். நாற்பது, ஐம்பது எழுத்து நீளமான வாழ்த்து இரண்டு இலக்கத்துக்குள் அடங்கிவிட்டது. இரு முனைகளிலும் ஒரே பட்டியல் இருந்தால் நடுவே போக வேண்டியது சுட்டுவிரல் நீட்டல் மட்டுமே என்பதுதான் இதன் தத்துவம். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. கல்யாண வீட்டில் மூத்தவர் ஒருவர் எழுந்து தந்திகளை வரிசையாக வாசிக்கும் வழக்கம் அதற்கு வெகுநாள் முன்பே மறைந்துவிட்டது. அதே பட்டியலில் ஓர் இலக்கம் மாறிப்போனால் மணப்பந்தலுக்குத் தீபாவளி வாழ்த்து வந்து சேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி சுருங்கச் சுருங்க, ஒரு சின்னப் பிழை செய்யும் நாசம் பெரிதாகிறது.

வாழ்த்துப் பட்டியல் முன்கூட்டியே தெரிந்த வாசகங்களுக்கு மட்டும்தான் உதவும். எந்தச் செய்தி வந்தாலும் சுருக்க வேண்டுமென்றால்? இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று 1951ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹஃப்மன் என்ற மாணவருக்குத் தோன்றியது. ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர், தேர்வு எழுதலாம் அல்லது கட்டுரை எழுதலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த பிட், அரிதாக வரும் எழுத்துக்கு அதிக பிட் என்று பங்கிட வேண்டும். ஆனால் எது எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வரக் கூடாது. ஹஃப்மன் கண்ட உபாயம், மிக அரிதான இரண்டு எழுத்துகளில் தொடங்கி, அவற்றை ஜோடி சேர்த்து, அந்த ஜோடியை ஓர் எழுத்தாகக் கருதி, மறுபடி அரிதான இரண்டைச் சேர்த்து, கீழிருந்து மேலே மரமாகக் கட்டிக்கொண்டு போவது. தன் ஆசிரியரே முழுமையாகத் தீர்க்க முடியாத கணக்கு என்பது அவருக்கு முதலில் தெரியாது. தமிழை அந்த மரத்தில் ஏற்றினால் உச்சிக்கு மிக அருகில் உட்காருவது புள்ளி. யூனிகோடில் எழுதிய எந்தத் தமிழ்ப் பத்தியையும் எண்ணிப் பாருங்கள்; மெய்யெழுத்தின் தலையில் வரும் அந்தப் புள்ளியே குறிகளில் முதலிடம் பிடிக்கும். ‘ஔ’ அடியில் எங்கோ இருக்கும். வீட்டுக் கணினிகளில் இந்த முறையை 1981ல் முதலில் பரவலாக்கியது ரிச்சர்ட் கிரீன்லா எழுதிய ‘எஸ்க்யூ’. பிழிந்தெடுப்பது என்ற பொருளில் வைத்த பெயர்.

இரண்டாவது வழி இஸ்ரேலின் டெக்னியனில் இருந்த யாக்கோப் ஸிவ், ஆப்ரகாம் லெம்பெல் இருவரும் 1977ல் வெளியிட்டது. முன்கூட்டிய பட்டியலே வேண்டாம், செய்தியே தன் பட்டியலாகட்டும் என்றார்கள். இதுவரை அனுப்பியதைத் திரும்பிப் பார். இப்போது அனுப்ப வேண்டியது முன்பே வந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டு. வாங்குபவரிடமும் இதுவரை வந்தது இருக்கிறதே!

ஒரு வாக்கியத்தை எடுத்துக் கையாலேயே செய்து பார்க்கலாம்:

கைலாசபுரம் போகும் பேருந்து கைலாசபுரம் போகாது

மெய், உயிர்க்குறி, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் கணினி எண்ணுவதுபோல் தனித்தனியே எண்ணினால் இதில் 44 குறிகள். முதல் 27 குறிகளை அப்படியே அனுப்பியாக வேண்டும். ‘பேருந்து’க்கு அடுத்த இடைவெளி தாண்டியதும் நிலைமை மாறுகிறது. இனி வருவதைப் பின்னால் தேடினால், சரியாக 27 குறிக்கு முன்னால் ‘கைலாசபுரம் போக’ வரை ஒத்துப்போகிறது; 14 குறிகள். எனவே அனுப்ப வேண்டியது இவ்வளவே: ‘27 பின்னால் போ, 14 எடு.’ பிறகு எஞ்சிய மூன்று குறிகள், துணையெழுத்து, ‘த’, உகரக்குறி. ‘போகும்’, ‘போகாது’ என்ற இரண்டும் ‘போக’ வரை ஒன்றாக இருப்பதை மென்பொருள் கண்டுகொண்டதைக் கவனியுங்கள். அதற்கு இலக்கணம் தெரியாது. பகுதி, விகுதி என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் தமிழில் பகுதி நிலைத்து நிற்க விகுதி மாறுகிறது என்ற உண்மையை இரண்டு எண்களில் பிடித்துவிடுகிறது. எனக்கு இதைவிட வியப்பான இடம் இந்த முழுக் கதையிலும் இல்லை. ‘கிறார்கள்’, ‘பட்டுள்ளது’, ‘வேண்டும் என்று’ போன்றவை ஒரு நீண்ட கட்டுரையில் எத்தனை முறை வரும்! ஒட்டு மொழியான தமிழ் தன் விகுதிகளாலேயே சுருக்க மென்பொருளுக்கு விருந்து வைக்கிறது.

ஸிவும் லெம்பெலும் கணிதமாகச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்களின் கதையில் வழக்கும் வருத்தமும் உண்டு. 1985ல் தாம் ஹெண்டர்சனின் சிறு நிறுவனம் ‘ஆர்க்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிச் சுருக்குவது அது. மில்வாக்கியில் இருந்த பில் காட்ஸ் அதையே இன்னும் வேகமாகச் செய்யும் தன் மென்பொருளை எழுதினார். 1988ல் வழக்கு வந்து சமரசத்தில் முடிந்தது. அதன்பின் காட்ஸ் புது வடிவம் ஒன்றை உருவாக்கி 1989ல் வெளியிட்டார். அதுதான் ஜிப். அந்த வடிவத்தின் விவரக் குறிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கலாம். 1993ல் வந்த பதிப்பில் ஸிவ்–லெம்பெலின் பின்னோக்கிச் சுட்டலையும் ஹஃப்மனின் மரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முறை இடம்பெற்றது. 32 கே.பி. தூரம் வரை பின்னால் பார்க்கும். ஒரே சுட்டலில் 258 எழுத்து வரை எடுக்கும். காட்ஸ் 2000 ஏப்ரலில், 37 வயதில் இறந்துபோனார். ஜிப் ஃபைல் எதைத் திறந்து உள்ளே எண்களாகப் பார்த்தாலும் முதல் இரண்டும் 80, 75. அவை அவர் பெயரின் முதலெழுத்துகளான ‘பி’, ‘கே’. இன்று நீங்கள் வேர்டில் தட்டச்சு செய்து சேமிக்கும் கல்யாணப் பத்திரிகையும் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். மின்னூல்களும் ஆண்ட்ராய்ட் செயலிகளும் அப்படியே. கைபேசியில் புதுச் செயலி ஒன்றை இறக்கும்போதெல்லாம் அந்த இரண்டு எழுத்துகள் முதலில் வந்து இறங்குகின்றன.

ஜிப் ஃபைலுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. சுருக்குவதற்கு முன் இருந்த ஃபைல் முழுவதற்கும் கணக்கிட்ட நான்கு எழுத்துச் சோதனை எண். விரித்த பிறகு அது ஒத்துவர வேண்டும். தாறுமாறாக ஃபைல் கெட்டிருந்தால் அந்தப் பிழை இந்தச் சோதனையைத் தாண்டித் தப்புவதற்கான வாய்ப்பு 429 கோடியில் ஒன்று. பாடுபட்டு ஒவ்வொரு பிட்டாக மிச்சம் பிடித்தவர், நான்கு முழு எழுத்துகளைக் காவலுக்காக ஏன் செலவழித்தார்? மிகையைக் களைந்த செய்தி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வலிமையை இழந்துவிடுகிறது. ‘திருச்சிராபள்ளி’ என்று ஒற்று விட்டு எழுதினாலும் நமக்குப் புரிந்துவிடும். அந்தச் சொல்லில் தேவைக்கு மேல் அடையாளங்கள் இருக்கின்றன. சுருக்கிய ஃபைலில் அந்த உபரி கிடையாது. ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின்னால் உள்ள சுட்டல்கள் எல்லாம் வேறு எதையோ காட்டும். அதனால்தான் இசட்மோடமும் ஜிப்பும் பெரும்பாலும் ஜோடியாகவே பயன்பட்டன. மொழி தற்செயலாகச் சேர்த்து வைத்திருந்த மிகையை ஒன்று எடுத்துப் போட்டது. கணக்குப் போட்டு அளந்த மிகையை மற்றொன்று உள்ளே வைத்தது. கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948லேயே இந்த இரண்டுக்கும் கணிதம் எழுதிவிட்டார். எந்தச் செய்தியையும் இவ்வளவுக்குக் கீழே சுருக்க முடியாது என்ற எல்லை உண்டு. இரைச்சல் உள்ள எந்தப் பாதையிலும் இவ்வளவு வேகம் வரை கிட்டத்தட்டப் பிழையின்றி அனுப்பலாம் என்ற எல்லையும் உண்டு. முப்பது ஆண்டு கழித்து வீட்டு மேசைகளில் எழுதப்பட்டவை அந்த இரண்டு எல்லைகளை நோக்கிய நடைதான்.

எல்லை இருக்கிறது என்பதைக் கணித அறிவு அதிகம் இல்லாமலே உறுதி செய்துகொள்ளலாம். ‘எதையும் சுருக்குவேன்’ என்று ஒரு மென்பொருள் சொன்னால் நம்ப வேண்டாம். பத்து பிட் நீளமான செய்திகள் மொத்தம் 1024 இருக்க முடியும். அதைவிடக் குறைந்த நீளத்தில் இருக்கக்கூடியவை, ஒன்றுமே இல்லாத வெற்றுச் செய்தியையும் சேர்த்து, 1023 மட்டுமே. 1024 பேருக்கு 1023 நாற்காலி. ஏதோ ஒருவர் நின்றாக வேண்டும். ஆகவே சிலவற்றைச் சுருக்கும் எந்த முறையும் வேறு சிலவற்றைப் பெரிதாக்கியே தீரும். ஜிப் செய்ததை மறுபடி ஜிப் செய்தால் சுருங்காததும் இதனால்தான். அதில் களைய ஒன்றும் மிச்சமில்லை.

இந்தியாவுக்கு இந்த மென்பொருள்கள் எப்படி வந்தன? பெங்களூரில் அதுல் சிட்னிஸ் நடத்திய சிஐஎக்ஸ் போன்ற அறிவிப்புப் பலகைகள் வழியாகவும், கைமாறிய பிளாப்பிகள் வழியாகவும், கல்வி நிறுவனங்கள் வழியாகவும். 1986ல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்னெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த மென்பொருள் மையமான என்.சி.எஸ்.டி. ஆகியவை அதில் முதல் உறுப்பினர்கள். சென்னை ஐ.ஐ.டி. அதில் ஒரு முனை. முதலில் இணைப்பு என்பது குறித்த நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றுக்கு டயல் செய்து, சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொடுத்து வாங்கிக்கொள்வதுதான். வெளிநாட்டுக்கு என்று 1989ல் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்குக் கிடைத்த தனி இணைப்பின் வேகம் 9600 பிட். இந்தியக் கல்வியுலகின் வெளிநாட்டு மின்னஞ்சல் அந்த ஊசிக் காதில் நுழைந்தாக வேண்டிய காலம். அன்றைய யூநிக்ஸ் உலகில் செய்திக் குழு மடல்களைக் கட்டுக்கட்டாகச் சுருக்கி அனுப்புவது வழக்கமாக இருந்ததில் வியப்பில்லை.

தமிழுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று இருந்தது. அன்றைய மின்னஞ்சல் பாதைகளில் பல, ஓர் எழுத்தின் 8 பிட்டில் 7ஐ மட்டுமே மதிக்கும். எட்டாவதை வழியில் வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அங்கே யாருக்கும் வலிக்கவில்லை. கனடாவில் கி. சீனிவாசன் செய்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் செய்த முரசு, சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் இலவசமாகக் கொடுத்த மயிலை எழுத்துரு என்று தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டு வர ஆளாளுக்கு உழைத்த காலம் அது. எட்டாவது பிட்டை நம்பிய தமிழ் எழுத்துகள் கடல் தாண்டி வந்தபோது ஆங்கிலக் குப்பையாகி நின்றன. பலர் ரோமன் எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டார்கள். இன்னொரு வழி, 1980ல் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயுஎன்கோட். மூன்று எழுத்துகளை எடுத்து, அவற்றின் 24 பிட்டை நான்கு ஆறுகளாகப் பிரித்து, ஆபத்தில்லாத நான்கு ஆங்கிலக் குறிகளாக எழுதுவது. பத்திரமாகப் போகும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதனால் முதலில் ஜிப் செய்து சுருக்கு, பிறகு யூயுஎன்கோட் செய்து பெருக்கு, பிறகு அனுப்பு என்பது அன்றைய பாடம். களைவதும் சேர்ப்பதும் இங்கேயும் ஜோடியாகவே வந்தன.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து உலகுக்கு இலவசமாகத் தரும் பணி. சங்கப் பாடல்களை மோடம் வழியே இறக்கிக்கொண்ட தலைமுறை ஒன்று இருக்கிறது. அதில் நானும் ஒருவன் என்பதில் எனக்குப் பெருமை. இன்றைக்கும் அத்திட்டத்தின் நூலை பி.டி.எஃப்.ஆக இறக்கினால், பெரும்பாலும் உள்ளே சுருக்கத்தைச் செய்திருப்பது காட்ஸ் வகுத்த அதே முறைதான்.

அந்தத் திட்டத்தின் தொடக்கக் காலக் குறியேற்றம் திஸ்கி. அதில் ‘கைலாசபுரம்’ என்ற பெயருக்கு 8 பைட் (இதுவரை ‘எழுத்து’ என்று சொன்ன அதே 8 பிட் அளவு) போதும்: ஐகாரக் கொம்பு, ‘க’, ‘ல’, துணையெழுத்து, ‘ச’, ‘பு’, ‘ர’, ‘ம்’. ‘பு’வுக்கும் ‘ம்’முக்கும் தனித்தனி இடம் அதில் உண்டு. இன்று எங்கும் நிலைபெற்றுவிட்ட யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் அதே பெயருக்கு 30 பைட். ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று, தமிழ்க் குறிக்கு மூன்று என்பது அநியாயம் என்று பலர் மனம் கொதித்ததுண்டு. உள்ளே பார்த்தால் ‘க’ என்பது 224, 174, 149 என்ற மூன்று எண்கள். ஐகாரக்குறி 224, 175, 136. தமிழ்க் குறி எதுவானாலும் முதல் எண் 224 மட்டுமே. இரண்டாவது 174 அல்லது 175 மட்டுமே. மூன்றில் இரண்டு கிட்டத்தட்ட எதையும் சொல்வதில்லை. எதையும் சொல்லாததைக் களைவதுதானே ஹஃப்மன் மரத்தின் தொழில். அதனால் நீளமான தமிழ்க் கட்டுரையைச் சுருக்கினால் அந்த மூன்று மடங்குச் சுமையில் பெரும்பகுதி காற்றில் கரைகிறது. நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போவது சாதாரணம். ஆங்கிலக் கட்டுரை அந்த அளவு சுருங்குவது அரிது.

நீளமான கட்டுரைக்கு, சரி. குட்டிச் செய்திகளுக்கு? பின்னால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லாத முதல் சில வரிகளில் ஸிவ்–லெம்பெல் முறைக்குப் பிடி கிடைப்பதில்லை. கூகுள் உருவாக்கி, 2016ல் பொது விவரக் குறிப்பாக வெளியான பிராட்லி என்ற சுருக்க முறை இதற்காக ஓர் அகராதியைத் தன்னோடே சுமந்து வருகிறது. சுமார் 120 கே.பி. அளவில், 13,000க்கு மேற்பட்ட சொற்களும் துண்டுகளும். உலாவியிலும் அது இருக்கிறது, தளத்தை அனுப்பும் கணினியிலும் இருக்கிறது. தந்தி அலுவலக வாழ்த்துப் பட்டியல் புது உருவில். அதில் ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், ரஷ்யன், அரபு, இந்தி உண்டு. தமிழ் இல்லை. இந்தியிலும் ரஷ்யனிலும் ஒரு சிறு பக்கம் பெறும் சலுகை தமிழில் அதே அளவுள்ள பக்கத்துக்குக் கிடையாது என்பது எனக்கு உறுத்துகிறது. கிராமத்து டவர் ஓரத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் செய்தி படிப்பவருக்கு அந்த வித்தியாசம் விநாடிகளாகக் கழிகிறது.

அந்த அகராதியை இனி மாற்ற முடியாது. அது அந்த விவரக் குறிப்பின் பகுதியாக உறைந்துவிட்டது. ஆனால் வழி அடைபடவில்லை. ஒரு தளம் தன் சொந்த அகராதியை உலாவிக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு, பிறகு அதைச் சுட்டியே பக்கங்களை அனுப்பும் வசதி 2024ல் குரோம் உலாவிக்கு வந்துவிட்டது. யான் காலெட் ஃபேஸ்புக்கில் உருவாக்கி 2016ல் வெளியிட்ட ஸெட்ஸ்டாண்டர்டு மென்பொருள், மாதிரிகளைக் கொடுத்தால் அப்படி ஓர் அகராதியைத் தானே வடித்தெடுக்கும். ஒரு தமிழ்ச் செய்தித்தளம் தன் கிடங்கிலிருந்து அதற்கு ஊட்டினால் முதலில் என்ன மேலே வரும் என்று ஊகிப்பது கடினமல்ல: ‘தெரிவித்துள்ளார்’, ‘என்று கூறினார்’, ‘மாவட்டம்’, ‘முதலமைச்சர்’, ‘நடைபெற்றது’. இதற்கு அரசாணையோ பெரிய நிதியோ தேவையில்லை. மாதிரிக்குச் சில ஆயிரம் பழைய செய்திகளும், அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் உட்காரும் பொறியாளர் ஒருவரும் இருந்தால் போதும்.